இருபத்து மூணு நாளா தப்பே இல்லாத என் இங்கிலீஷ்

1

இருபத்து மூணு நாளாச்சு. என் மக என் இங்கிலீஷ்ல ஒரு தப்பும் கண்டுபிடிக்கல.

கேக்குறவங்களுக்கு இது நல்ல சேதி மாதிரிதான் தெரியும். பதினோரு வருஷம் கழிச்சு மனுஷன் ஒருவழியா இங்கிலீஷ் கத்துக்கிட்டான் போலன்னு நினைப்பீங்க. அதெல்லாம் ஒண்ணுமில்ல. நேத்துகூட கூட்டமான பஸ்ல ஏறத் தயங்குன ஒரு பெரியவர்கிட்ட "கம் சார், ஐ வில் அட்ஜஸ்ட் யூ"ன்னு சொல்ல, அவர் பயந்துபோய் அடுத்த வண்டிக்கே நின்னுட்டாரு. தப்பு வழக்கம்போலக் கொட்டிக்கிட்டுதான் இருக்கு. அத எடுத்து எழுதுறதுக்குத்தான் ஆள் இல்ல.

எனக்குப் பாபநாசத்துக்குப் பக்கத்துல ஒரு ஊரு. டிராக்டரும் அறுவடை மெஷினும் பழுது பாக்குற பட்டறை வச்சிருந்தேன். என் மனைவி வனிதா திருவாரூர்க்காரி, நர்ஸு. அவளுக்கு இங்கிலாந்தோட வடபக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சதும், பட்டறைய மூடிட்டு, நாலு வயசு கயலத் தூக்கிக்கிட்டு அவ பின்னாடி வந்தவன் நான். மொதல்ல நாலு வருஷம் கிடங்குல பெட்டி தூக்குனேன். இப்ப ஏழு வருஷமா மாடி பஸ் ஓட்டுறேன். கயலுக்கு வயசு பதினஞ்சு.

எட்டு வயசுல அவ ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்து, அட்டையில 'அப்பா அகராதி'ன்னு எழுதுனா. பக்கத்துக்கு நடுவுல ஒரு கோடு. இடது பக்கம் அப்பா சொன்னது, இல்லன்னா அப்பா காதுல விழுந்தது. வலது பக்கம் சரியானது. இதுவரைக்கும் மூணு நோட்டு முடிஞ்சு நாலாவது ஓடுது. ஃபிரிட்ஜ் மேலதான் இருக்கும். சாயங்காலம் சாப்பிட உக்காரும்போது அன்னைக்கு வந்ததப் படிப்பா, வனிதா சோத்துல கைய வச்சுக்கிட்டே சிரிப்பா.

நம்ம பழைய பள்ளிக்கூட மலருக்கு, இங்கிலீஷ்ல மாட்டிக்கிட்டு முழிச்ச கதையத் தமாஷா எழுதித் தாங்கன்னு நீங்க கேட்டப்ப, இந்த நாலு நோட்டும் இருக்கு, எனக்கென்ன கவலைன்னு ஒத்துக்கிட்டேன். இப்ப எழுத உக்காந்தா சிரிப்பு வரல. வேலை முடிஞ்சு வந்து சட்டைய மாத்துறதுக்கு முன்னாடி அந்த நோட்டத்தான் எடுத்துப் புரட்டுறேன். கடைசியா எழுதுன தேதிக்கு அப்புறம் வெறும் கோடு. திரும்ப வச்சுட்டு டீ போடுறேன். டீயக் குடிச்சுட்டு மறுபடி எடுத்துப் பாக்குறேன். நடுவுல அவ வந்து எழுதியிருக்க முடியாதுன்னு தெரிஞ்சும் பாக்குறேன்.

2

சரி, ஒத்துக்கிட்டாச்சு. தமாஷையும் சொல்லிடறேன்.

முதல் நோட்டோட முதல் பக்கம், தாரா. நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்ச முதல் வாரம். ஒரு வயசான அம்மா இறங்கும்போது என்னப் பாத்து "தாரா, லவ்"ன்னாங்க. லவ்வ மொதல்ல விடுங்க. இந்த ஊர்ல பல்லு போன கிழவர்கூட டிரைவர அப்படித்தான் கூப்பிடுறாரு, அத வனிதாவுக்கு விளக்குறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. எனக்கு மனசுல பதிஞ்சது தாராதான். பேர் சொல்லி அறிமுகம் பண்ணிக்கிறாங்களே, மரியாதை தெரிஞ்சவங்கன்னு, மறுநாள் அவங்க ஏறுனதும் "குட்மார்னிங் தாரா மேடம்"னேன். சிரிச்சாங்க. அடுத்த ஸ்டாப்புல இறங்குன அம்மாவும் தாரா. அதுக்கடுத்து ஒரு சின்னப் பொண்ணு, அதுவும் தாரா. ஒரே வாரத்துல பதினாலு தாரா. நம்ம தெருவுல நாலு செல்வி இருக்குற மாதிரி போலன்னு இருந்துட்டேன். கடைசியா மீசை வச்ச ஒரு ஆளு "தாரா"ன்னுட்டு இறங்குனப்பதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு. வீட்டுக்கு வந்து கேட்டா, கயல் தரையில உருண்டு சிரிக்குறா. "அப்பா, அது பேர் இல்ல. போயிட்டு வரேன்னு சொல்றாங்க." அன்னைக்குத்தான் நோட்டு போட்டா. அந்த முதல் தாராவோட நிஜப் பேர் டோரீன். இன்னைக்கும் என் வண்டியிலதான் போறாங்க, வர்றாங்க.

அப்புறம் கையில கட்டோட ஒரு பொண்ணு ஏறி, "சிங்கிள் டு தி இன்ஃபர்மரி"ன்னுச்சு. எனக்குக் காதுல விழுந்தது ஃபார்ம் மட்டும்தான். வயக்காட்டுல பொறந்தவனுக்கு வேற என்ன விழும்? "ஃபார்ம் பக்கம் இந்த வண்டி போகாதும்மா, இது ஆஸ்பத்திரிக்குப் போறது"ன்னு பொறுமையாச் சொல்லி இறக்கி விட்டுட்டேன். இன்ஃபர்மரின்னாலே ஆஸ்பத்திரிதானாம். அந்தப் பொண்ணு கட்டுப் போட்ட கையோட ரோட்டுல நின்னு என் வண்டியோட பலகையவே பாத்துக்கிட்டு இருந்தது இன்னும் கண்ணுல நிக்குது.

நோட்டு போடுறதுக்கு முந்தி நடந்தது ஒண்ணு இருக்கு. அதையும் கயல் கேட்டு வாங்கி எழுதிக்கிட்டா. பெரிய வண்டி லைசென்ஸுக்கு உடம்ப சோதிச்ச டாக்டர், "ஹேவ் யூ எவர் பாஸ்ட் அவுட்?"னு கேட்டாரு. இவ்வளவு தூரம் வந்து ஒருத்தராவது நம்ம படிப்பக் கேட்டாரேன்னு நிமிந்து உக்காந்து, "எஸ் சார். தஞ்சாவூர் பாலிடெக்னிக். ஃபர்ஸ்ட் கிளாஸ்"னேன். அவர் எழுதுறத நிறுத்திட்டாரு. "எத்தனை தடவை?"ன்னாரு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. "ஒன்லி ஒன் டைம் சார். ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்."

இங்க பாஸ்ட் அவுட்னா மயக்கம் போட்டு விழறதாம். லைசென்ஸ் ஆபீஸ்லேர்ந்து கடுதாசி மேல கடுதாசி வந்துச்சு. நெஞ்சுல ஒயரு ஒட்டிப் பாத்தாங்க, தலைய மெஷினுக்குள்ள விட்டுப் பாத்தாங்க. ஒவ்வொரு கவுண்டர்லயும் நான் விழுந்தவன் இல்ல, பாஸ் பண்ணவன்னு விளக்கணும். ஒரு அம்மா ஃபாரத்தப் படிச்சுட்டு, "பாலிடெக்னிக்ல விழுந்தப்ப தலையில அடி பட்டுச்சா?"ன்னு கேட்டாங்க. மூணு மாசம் இழுத்துட்டாங்க. கயல் அந்தப் பக்கத்துல ஒரு படமே போட்டிருக்கா. கருப்பு அங்கி போட்டுக்கிட்டு, கையில சர்டிபிகேட்டோட நான் மல்லாந்து கிடக்குறேன்.

இன்னொண்ணு, பக்கத்து வீட்டுல டீக்கு வரச்சொன்னாங்க. இந்த ஊர்ல டீன்னா சாயங்காலச் சாப்பாடுன்னு வனிதா சொல்லி வச்சதால வெறும் வயித்தோடதான் போனோம். உருளைக்கிழங்கு வச்சு சுட்டது ஒண்ணு, அவ்வளவு ருசி. "இன்னும் வைக்கட்டுமா?"ன்னாங்க. பசிக்குதுதான், ஆனா கேட்ட உடனே சரிங்கறது நமக்கு வழக்கம் இல்லையே. "வேண்டாங்க, போதுங்க"ன்னேன். உடனே பாத்திரத்த எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க. ரெண்டாவது தடவை கேக்கவே இல்ல. இத கயல் நோட்டுல எழுதல. இதுல இங்கிலீஷ் தப்பு எதுவும் இல்லையேன்னுட்டா. இதத்தான் பெருசா எழுதி வச்சிருக்கணும்னு இப்ப தோணுது.

வெளிப்படையாச் சொல்லிடறேன். பதினஞ்சு வயசுப் பொண்ணோட உக்காந்து பேசறதுக்கு இந்த ஊர்ல எனக்கு வேற ஒண்ணும் இல்ல. அவ போன்ல பாக்குறது எனக்குப் புரியாது. நான் வாய்க்கால், மடைன்னு ஆரம்பிச்சா அவளுக்குப் பாதிதான் புரியும். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது அந்த நோட்டுதான். தப்புக் கிடைச்ச அன்னைக்கு எனக்கு வீட்டுக்குப் போகவே அவசரமா இருக்கும். ஸ்வீட் வாங்கிட்டுப் போற அப்பன் மாதிரி நான் தப்பு வாங்கிட்டுப் போவேன்.

3

வருஷத்துல ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்துல பெத்தவங்களக் கூப்பிடுவாங்க. ஒரு வாத்தியாருக்கு அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷத்தையும் ரெண்டு வாரம் முன்னாடியே கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வாங்கணும். மணி அடிச்சா எந்திரிச்சு அடுத்த மேஜைக்குப் போயிடணும். புள்ளையும் கூடவே உக்காந்திருக்கும். வனிதாவுக்கு அன்னைக்கு ட்யூட்டி. நானும் கயலும் மட்டும் போனோம்.

கணக்கு, அறிவியல் எல்லாம் சுமுகமா முடிஞ்சுது. கடைசி மேஜை இங்கிலீஷ் டீச்சர். நாங்க உக்காரக்கூட இல்ல, ஆரம்பிச்சுட்டாங்க. உங்க பொண்ணு பேச எந்திரிச்சா வகுப்பே அடங்கிடுது, இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பேச்ச நான் கேட்டதில்ல, வட்டாரப் பேச்சுப் போட்டிக்கு ஒரு பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒருத்தரத்தான் அனுப்பலாம், இவளத்தான் அனுப்பணும்னு இருக்கோம்னு அடுக்குறாங்க. குரல் வேற கணீர்னு இருக்கு. பக்கத்து மேஜைக்காரங்க நாலு பேர் திரும்பிப் பாத்தாங்க.

எனக்கு உள்ளங்கை வேர்த்துப்போச்சு. சந்தோஷத்துலன்னு நினைக்காதீங்க. பயம். இத்தனை பேர் காதுல விழற மாதிரி இப்படிப் போட்டு உடைக்கிறாங்களேன்னு பயம். வாய் தானாத் திறந்துக்கிச்சு.

"நோ நோ மேடம். ஷி இஸ் ஒன்லி ஆவரேஜ். இன் ஹவுஸ், ஃபுல்லி லேசி. சும்மா டாக்கிங் டாக்கிங், தட்ஸ் ஆல்."

டீச்சர் முகம் மாறுச்சு. "அப்ப போட்டிக்கு அனுப்ப உங்களுக்கு விருப்பம் இல்லையா?"ன்னு கேட்டாங்க.

இதே நம்ம ஊரா இருந்தா என்ன நடக்கும்? "எதுக்குங்க டீச்சர், வேற நல்லாப் படிக்கிற புள்ளையாப் பாத்து அனுப்புங்க"ம்பேன் நான். "அட என்னங்க நீங்க, இவள விட்டா யாரு?"ம்பாங்க அவங்க. நான் இன்னொரு தடவை இழுப்பேன். மூணாவது தடவை, "சரிங்க, நீங்க இவ்வளவு சொல்றீங்க"ன்னு தலையாட்டிட்டு, போற வழியில பாயசத்துக்கு சேமியா வாங்கிட்டு வீட்டுக்குப் போவேன். இங்கயும் என் பங்குக்கு முதல் வரியச் சொன்னேன். "கிவ் டு சம் குட் ஸ்டூடண்ட், மேடம்." சொல்லிட்டு, அவங்க ரெண்டாவது தடவை கேக்கட்டும்னு சிரிச்ச முகமா உக்காந்திருந்தேன்.

மணி அடிச்சுது. டீச்சர் தாள்ல ஏதோ குறிச்சுக்கிட்டு, "தேங்க் யூ ஃபார் கமிங்"னாங்க. 

தூறல்ல நடந்து வந்தோம். சிக்னல்ல நிக்கும்போது கயல் ரோட்டப் பாத்துக்கிட்டே இங்கிலீஷ்ல கேட்டா. "நான் ஆவரேஜ்னு நினைக்கிறீங்களா?"

"அட, சும்மா சொன்னேன்டி."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

"ஃபைன்"னா. இந்த நாட்டுல ஒரு பொண்ணு ஃபைன்னு சொன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லங்கறது, நோட்டு இல்லாமயே நான் கத்துக்கிட்ட பாடம்.

மறுநாள்லேர்ந்து அவ என் எட்டு மணி வண்டிய விட்டுட்டு, ஏழே முக்கால் வண்டிக்குப் போக ஆரம்பிச்சா. சாப்பாட்டு நேரத்துல நோட்டு கீழ இறங்கல.

4

நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். வேணும்னே தப்பாப் பேசுனேன். "டுடே மை பஸ் ஃபுல் ஆஃப் பெடஸ்ட்ரியன்ஸ்"னேன். ரசத்த ஊத்திக்கிட்டா. "நாளைக்கு ஷிஃப்ட்ட ப்ரீபோன் பண்ணிட்டாங்க"ன்னேன். தட்டக் கழுவிட்டு மாடிக்குப் போயிட்டா. வனிதாதான் என்ன ஒரு மாதிரியாப் பாத்தா.

"என்ன நடந்துச்சு அன்னைக்கு? மறைக்காமச் சொல்லுங்க."

சொன்னேன். அவ கரண்டியக் கீழ வச்சுட்டா.

"ஏங்க, நெல்லுப் பயிரப் பத்திப் பேசுற மாதிரியா புள்ளையப் பத்திப் பேசுவாங்க?"

"எங்கப்பா என்னப் பத்தி அப்படித்தான் பேசுனாரு. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

"உங்களுக்கு அது பழக்கம். அவ வரப்புல நின்னு கேட்டு வளந்தவளா? அப்பா வாயால ஆவரேஜ்னு வந்தா, அவளுக்கு அது ஆவரேஜ்தாங்க."

ஊர்ல இருக்குற உங்களுக்கு விளக்கம் தேவையில்ல. ஆனா எழுதிப் பாத்தாத்தான் எனக்கே வெளங்குது. தை மாசம், கதிர் முத்தி கனம் தாங்காம வளைஞ்சு நிக்கும். அப்பா வரப்புல நிப்பாரு. ரோட்டுல போற யாராவது வண்டிய நிறுத்தி, "என்ன சித்தப்பா, இந்த வருஷம் அள்ளிடுவீங்க போலயே?"ம்பாங்க. அப்பா பயிர ஏதோ பிடிக்காத விருந்தாளியப் பாக்குற மாதிரி பாத்துட்டு, "எங்கப்பா, ஏதோ நிக்குது. புகையான் வேற சுத்துது"ம்பாரு. அந்த வயல்ல புகையான் பூச்சி ஒண்ணுகூட இருக்காது. கேட்டவருக்கும் அது தெரியும். "ஆமாமா, எல்லாப் பக்கமும் அப்படித்தான்"னுட்டுப் போவாரு. அவர் வயல்லயும் இருக்காது. நிக்கிற பயிர நல்லாருக்குன்னு சொந்தக்காரன் வாயால சொல்லக்கூடாது. சொன்னா கண்ணு பட்டுடும்.

எனக்கும் அதேதான். நான் பாலிடெக்னிக்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கி வந்தப்ப, டீக்கடையில யாரோ கேட்டதுக்கு, "எங்க, ஏதோ எழுதிருக்கான்"னாரு. சொல்லிட்டு அன்னைக்கே பாபநாசம் போய் அரைக் கிலோ அல்வா வாங்கிட்டு வந்து, "சாப்பிடுறா"ன்னு என் முன்னாடி வச்சாரு. எனக்கு ஒரு சொல்லும் தேவைப்படல. அல்வாவே போதும்.

ஒரே ஒரு வருஷம் நான் அந்த வழக்கத்த மீறுனேன். பாலிடெக்னிக் முதல் வருஷம், லீவுல வந்திருந்தேன். எங்க தாத்தா காலம் வரைக்கும் நாங்க அடுத்தவங்க நிலத்துல கூலிக்கு இறங்குனவங்க. அப்பா தலையெடுத்துத்தான் ஆறு மா நிலம் சொந்தமாச்சு. அந்த ஆறு மாவும் அந்த வருஷம் அப்படி ஒரு விளைச்சல். பெருமை தாங்கல எனக்கு. டீக்கடையில, உரக்கடைக்காரர் உக்காந்திருக்க, இன்னும் பத்துப் பேர் இருக்க, "இந்தத் தடவை சுத்துப்பட்டுல எங்க வயல மிஞ்ச ஒரு வயல் கிடையாது"ன்னேன். எட்டாம் நாள் மழை பிடிச்சுது. மூணு நாள் விடல. பயிர் மொத்தமாச் சாஞ்சு, தண்ணியிலயே நெல்லு முளைச்சுப்போச்சு. அப்பா என்ன ஒரு வார்த்தை சொல்லல. உரக்கடைக்காரர்தான் எல்லார் முன்னாடியும், "என்ன தம்பி, உங்க வயல மிஞ்ச வயல் இல்லையாமே?"ன்னு கேட்டாரு.

மழை என் பேச்சக் கேட்டுப் பெய்யலன்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஊர் பூராத்தான் சாஞ்சுது. ஆனா அன்னைக்குக் கட்டுன நாக்கு, இருபத்தஞ்சு வருஷமாச்சு, இன்னும் அவிழல. என் கைக்கு வந்த நல்லது எதையும் நல்லாருக்குன்னு நான் வாய் விட்டுச் சொன்னதில்ல. வனிதா சமையலைக்கூடச் சொன்னதில்ல. அந்தக் கணக்கு அவகிட்ட தனியா இருக்கு.

5

நேத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சும்மா போயிட முடியாது. கம்ப்யூட்டர்ல விண்ணப்பம் போட்டு, நாலு நாள் காத்திருந்து, வாசல்ல போட்டோ எடுத்து நெஞ்சுல ஒட்டிக்கிட்டுத்தான் உள்ள போகணும். எதுக்காக வந்தேன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. 'டு டேக் பேக் மை வேர்ட்ஸ்'னு எழுதுனேன். வரவேற்புல இருந்த அம்மா பாதியப் படிச்சுட்டு, "தொலைஞ்ச பொருள் வாங்கற ரூம் அந்தக் கடைசியில"ன்னாங்க. நல்ல நாளா இருந்தா இதையும் கயலுக்காகப் பத்திரமா எடுத்துட்டு வந்திருப்பேன்.

டீச்சர்கிட்ட, "மேடம், அன்னைக்குச் சொன்னது தப்பு, அவள அனுப்புங்க"ன்னேன். அவங்க நல்ல மனுஷி. தாள் ஒண்ண எடுத்துக் காட்டுனாங்க. கயலே எழுதிக் குடுத்திருக்கா. "எங்க அப்பா சொல்றது சரிதான். நான் அவ்வளவு பெரிய ஆள் இல்ல. வேற நல்லாப் படிக்கிறவங்க யாரையாவது அனுப்புங்க."

என் வரி. என் வரிய அவ அழகா, தப்பில்லாத இங்கிலீஷ்ல எழுதியிருக்கா. 

"வெள்ளிக்கிழமை மதியம் பன்னெண்டு மணிக்குள்ள பேர் குடுக்கணும். அதுவரைக்கும் வேற யார் பேரும் எழுத மாட்டேன்"னாங்க டீச்சர். "ஆனா அவளே வந்து சொல்லணும். நீங்க என்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல, அவகிட்ட சொல்லுங்க."

அவகிட்ட சொல்லத்தான் வரல. இதுக்கு முன்னாடியே ரெண்டு நாள் போய்ப் பாத்தவன்தான். முதல் நாள் கதவத் தட்டுனேன். "என்னப்பா?"ன்னா. "சாப்பிட்டியா?"ன்னேன். சாப்பிட்டது என்கூடத்தான். ரெண்டாம் நாள், "ரூம்ல ஹீட்டர் வேலை செய்யுதா?" நேத்து டீச்சரப் பாத்துட்டு வந்த சூட்டோட போனேன், கண்டிப்பாச் சொல்லிடணும்னு. "ஷூவுக்கு பாலிஷ் இருக்கா?"ன்னு வந்துச்சு வாயில. இருக்குன்னா. நல்லதுன்னுட்டு இறங்கி வந்துட்டேன்.

இன்னைக்கு வியாழன். நாளைக்கு மதியத்தோட முடிஞ்சுது. உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. இந்தக் கட்டுரைய எழுதறதே கைய எங்கயாவது வச்சுக்கணுமேன்னுதான்.

6

சனிக்கிழமை காலைல உக்காந்து தொடர்றேன்.

நேத்து, கூட வேலை பாக்குறவர்கிட்ட கெஞ்சி, அவரோட ஏழே முக்கால் வண்டிய நான் வாங்கிக்கிட்டேன். எங்க ஸ்டாப்புல கதவத் திறந்தா, வரிசையில முதல் ஆளா கயல். என்னப் பாத்துத் திடுக்குன்னு நின்னா. அப்புறம் முன்ன பின்ன தெரியாத டிரைவருக்குக் காட்டுற மாதிரி பாஸக் காட்டிட்டு, மாடிப் படியில கால வச்சா.

முன் சீட்டுல டோரீன். வெள்ளிக்கிழமைன்னா தங்கச்சியப் பாக்க சீக்கிரமே கிளம்பிடுவாங்க. "ஓ, இது உங்க பொண்ணுல்ல? ரொம்ப நாளாக் காணோமே. படிப்பெல்லாம் எப்படிப் போகுது, லவ்?"னு என்னைக் கேட்டாங்க.

கயல் படியில அப்படியே நின்னுட்டா. திரும்பல. முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது.

பதில் என் நாக்கு நுனியில தயாரா இருந்துச்சு. "சம்ஹவ் ஸ்டடியிங்"னு ஆரம்பிச்சே விட்டேன். அந்த முதுகு லேசாத் தாழ்ந்துச்சு. ஒரு படி ஏறிட்டா.

நான் ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டு, கேபின் கதவத் திறந்து எந்திரிச்சு நின்னேன். எதுக்கு எந்திரிச்சேன்னு இப்பவும் தெரியல. வெளியில ஆறு பேர் மழையில நிக்கிறாங்க. வண்டி ஏற்கெனவே ரெண்டு நிமிஷம் லேட்டு.

"நோ, டோரீன் மேடம். நாட் சம்ஹவ். மை டாட்டர் இஸ் ஸ்பீக்கிங் வெரி வெரி சூப்பர். இன் ஹோல் ஸ்கூல், ஷி இஸ் ஃபர்ஸ்ட். ஐ டோல்ட் ராங் டு டீச்சர். ஐ ஆம் தி மிஸ்டேக்."

பஸ்ல இருந்த எல்லாரும் என்னப் பாத்தாங்க. கயல் திரும்புனா. முகத்துல சிரிப்பும் இல்ல, கோவமும் இல்ல.

"தமிழ்ல சொல்லுங்கப்பா"ன்னா.

இங்கிலீஷ்ல சொல்லிடலாம்னு நான் துணிஞ்சதே, படுற கண்ணுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு உள்ளுக்குள்ள ஒரு தைரியத்துலதான். அது அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதோ. தமிழ்ல சொன்னா அது நிஜமா சொன்ன மாதிரி ஆயிடும். டீக்கடைய நினைச்சேன், மழைய நினைச்சேன். அவ இன்னும் அந்தப் படியிலயேதான் நின்னா.

"நீ ரொம்ப நல்லாப் பேசுற, கயல். உன்ன மாதிரி பேசறவங்கள நான் பாத்ததில்ல. அன்னைக்கு டீச்சர் சொல்லும்போது எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. அதான் பயந்துட்டேன்."

டோரீன் கயலப் பாத்து, "அப்பா என்ன சொல்றாரு, லவ்?"னு கேட்டாங்க.

"நத்திங் மச்"னா கயல். சொல்லிட்டு மாடிக்கு ஏறிப் போயிட்டா.

பள்ளிக்கூட ஸ்டாப்புல கூட்டத்தோட கூட்டமா இறங்குனா. என் பக்கம் திரும்பல. அதுக்கப்புறம் நான் ஓட்டுன ஒவ்வொரு நடையும் எனக்கு ஒரு யுகம். பன்னெண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல போன எடுத்துப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. பன்னெண்டரைக்குப் பாத்தேன். சம்பள ஆபீஸ்லேர்ந்து ஏதோ ஃபாரம் கேட்டு ஒரு சேதி. ஒரு ஸ்டாப்ப நிறுத்தாமத் தாண்டிட்டேன். அங்க நின்னுக்கிட்டிருந்தவர் கையக் காட்டிச் சொன்னது, நல்லவேளை, காதுல விழல.

7

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், சட்டைய மாத்தாமயே ஃபிரிட்ஜ் மேல கைய விட்டேன். நோட்டு அங்க இல்ல. சாப்பாட்டு மேஜை மேல திறந்து கிடந்துச்சு.

அன்னைக்குத் தேதி போட்டு ரெண்டு வரி. முதல் வரி, இடது பக்கம், 'ஐ ஆம் தி மிஸ்டேக்.' வலது பக்கம், 'ஐ மேட் எ மிஸ்டேக். ரெண்டும் வேற வேற, அப்பா.' ரெண்டாவது வரி, இடது பக்கம், 'மை டாட்டர் இஸ் ஸ்பீக்கிங் வெரி வெரி சூப்பர்.' வலது பக்கம் ஒண்ணும் எழுதல. எழுத மறந்திருப்பாளோன்னு பக்கத்தத் திருப்பிக்கூடப் பாத்தேன். மறக்கல. அப்படியே விட்டிருக்கா.

"பேர் குடுத்துட்டாளாம்"னா வனிதா, அடுப்படியிலேர்ந்து. "பதினொண்ணே முக்காலுக்கு."

நான் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தேன். இருபத்து நாலு நாளைக்கு அப்புறம் ஒழுங்கா உக்காந்தேன். அன்னைக்குக் குழம்பு பிரமாதமா இருக்குன்னும் சொல்லிட்டேன். வனிதா திரும்பி என் நெத்தியத் தொட்டுக் காய்ச்சல் இருக்கான்னு பாத்தா.

சாப்பிட்டு முடிச்சதும் கயல் என் பக்கத்துல வந்து நின்னா.

"போட்டி அடுத்த மாசம். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா."

"ஏன்?"

"சும்மா"ன்னா.

சொல்ல மாட்டேன்னு தலையாட்டுனேன். ஆட்டிட்டு, இங்க உக்காந்து உங்க எல்லார்கிட்டயும் முழுசாக் கொட்டிட்டேன். எழுதி முடிச்ச நிமிஷத்துலேர்ந்து எனக்கு நிலைகொள்ளல. அதனால ஊர்ல உள்ளவங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாபநாசத்துல டீக்கடையில யாராவது, கேக்குறது எங்க அப்பாவாவே இருந்தாலும் சரி, அவன் பொண்ணு எப்படிப் படிக்குதாம்னு கேட்டா, எங்கங்க, ஏதோ படிக்குதாம்னு மட்டும் சொல்லி வைங்க.